ஜூனியர் இந்தியா கால்பந்தில் எங்கே தோற்கிறது? பெரம்பூர் அப்பா ஒருவருக்கு நீண்ட பதில்

பெரம்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "2017-ல நம்ம பசங்க உலகக் கோப்பை ஆடினாங்களே, அதுக்கப்புறம் சத்தத்தையே காணோம். ஜூனியர் அணியோட சர்வதேச ரெக்கார்டு நிஜமாவே அவ்வளவு மோசமா? என் பையனுக்கு 13 வயசு, கோல்கீப்பர். சென்னையிலேர்ந்து அந்த அணிக்குப் போக வழி இருக்கா, இல்ல படிப்பைப் பாருடான்னு சொல்லிடட்டுமா?"

முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொன்னால், பதினாறு வயதில் நம் பையன்கள் ஆசியாவில் அவ்வளவு மோசம் இல்லை. பத்தொன்பது வயதில் மோசம். இந்த மூன்று வருட இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதுதான் முழுக் கதையும். உலகக் கோப்பையில் மூணு மேட்ச் தோத்தோம், ஒன்பது கோல் வாங்கினோம் என்று ஸ்கோரை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாது.

ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன், இதில் நிறைய பேர் குழம்புகிறார்கள். "ஜூனியர் அணி" என்று ஒரே அணி கிடையாது. 17 வயதுக்குட்பட்டோர் அணி, 20 வயதுக்குட்பட்டோர் அணி, அதற்கு மேல் ஒலிம்பிக், ஆசிய விளையாட்டுக்கான 23 வயது அணி, பெண்களுக்குத் தனியாக. ஆசியப் போட்டிகள் முன்னே 16 வயது, 19 வயது என்று நடந்தன, 2023-லிருந்து 17, 20 என்று பெயர் மாறிவிட்டது, அதனால் பழைய செய்திகளில் வேறு எண் இருந்தால் திகைக்க வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பையன்கள் மொத்தமாக மாறிவிடுவார்கள். 2017-ல் ஆடியவர்களுக்கும் இப்போது ஆடுகிறவர்களுக்கும் சீருடையைத் தவிர வேறு தொடர்பே இல்லை. சீனியர் அணியின் ரெக்கார்டைப் பார்ப்பது போல் இதைப் பார்க்கக் கூடாது, ஒவ்வொரு செட்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

பலருக்கும் தெரியாத ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாம். இந்தியா ஆசிய யூத் சாம்பியன். 1974, பாங்காக். ஷபீர் அலி கேப்டன், அருண் கோஷ் கோச். இறுதிப் போட்டியில் ஈரானுடன் 2-2 டிரா, கோப்பையை இரண்டு நாடும் பகிர்ந்துகொண்டன. ஜூனியர் ஆண்கள் ஆசிய அளவில் வென்றது அந்த ஒன்றுதான். நம் நேரம் பாருங்கள், ஃபிஃபா இளைஞர் உலகக் கோப்பை என்ற ஒன்றே 1977-ல் துனீசியாவில்தான் தொடங்கியது. ஆசியாவின் உச்சியில் இருந்தபோது போக ஒரு உலகக் கோப்பை இல்லை, உலகக் கோப்பை வந்த பிறகு நாம் உச்சியில் இல்லை. 20 வயது உலகக் கோப்பைக்கு இந்தியா ஒருமுறை கூடப் போனதில்லை.

சரி, 2017. 17 வயது உலகக் கோப்பை அந்த அக்டோபரில் இந்தியாவில் நடந்தது. டெல்லி, நவி மும்பை, குவஹாத்தி, கொச்சி, கோவா, கொல்கத்தா என்று ஆறு ஊர். சென்னை அந்தப் பட்டியலில் இல்லை. 1993-ல் நேரு கோப்பை நடந்த, இந்தியன் சூப்பர் லீக் என்கிற ஐ.எஸ்.எல். தொடங்கிய பிறகு வருடா வருடம் கூட்டம் வந்த பெரியமேடு நேரு ஸ்டேடியம் இருந்தும் இல்லை. எனக்கு இன்னும் அதில் ஒரு கடுப்பு உண்டு. நாம் தகுதிச்சுற்று ஆடிப் போகவில்லை, போட்டியை நடத்தும் நாடு என்பதால் நேராக உள்ளே. குரூப்பில் அமெரிக்கா, கொலம்பியா, கானா. 2000 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள்தான் ஆட முடியும் என்பது விதி. நம் கோச் போர்ச்சுகலின் லூயிஸ் நோர்ட்டன் டி மாட்டோஸ். அவர் வந்ததே அந்த வருடத் தொடக்கத்தில்தான், அதுவரை அணியை வளர்த்தது ஜெர்மனியின் நிக்கோலாய் ஆடம். உலகக் கோப்பைக்குச் சில மாதங்கள் இருக்கும்போது கோச் மாறுவது எந்த ஊர் அணிக்கும் நல்லதில்லை. தயாரிப்புக்காக வெளிநாடு வெளிநாடாகச் சுற்றினார்கள், இத்தாலியைத் தோற்கடித்துவிட்டார்கள் என்று கூட ஒரு பெரிய செய்தி வந்தது. பிறகு பார்த்தால் அது இத்தாலியின் தேசிய அணி இல்லை, கீழ்நிலை லீக் பையன்களைத் திரட்டிய அணி. நட்பு ஆட்டத்தின் ஸ்கோரை வைத்து ஜூனியர் அணியை எடை போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

மூன்று ஆட்டமும் டெல்லியில். அமெரிக்காவிடம் 0-3. அந்த அணியில் ஜோஷ் சார்ஜென்ட் இருந்தார், முதல் கோல் அவருடைய பெனால்டி. கானாவிடம் 0-4, அதில் கடைசி இரண்டு 86, 87-வது நிமிடங்களில் வந்தவை, கால் ஓய்ந்த பிறகு. நடுவில் அக்டோபர் 9, கொலம்பியா. ஜூனியர் கால்பந்தில் ஆர்வம் உள்ள யாரும் ஒருமுறை முழுசாகப் பார்க்க வேண்டிய ஆட்டம் இதுதான். முதல் பாதியில் ராகுல் கே.பி. அடித்தது போஸ்டில் பட்டுத் திரும்பியது. இடைவேளைக்குப் பின் பெனலோசா கொலம்பியாவுக்கு ஒன்று போட்டார். 82-வது நிமிடம் கார்னர், எடுத்தது பெங்களூர்ப் பையன் சஞ்சீவ் ஸ்டாலின், தலையால் முட்டி உள்ளே தள்ளியது மணிப்பூரின் ஜீக்சன் சிங். எந்த ஃபிஃபா உலகக் கோப்பையிலும், எந்த வயதுப் பிரிவிலும், இந்தியா அடித்த முதல் கோல். ஸ்டேடியமே எழுந்து நின்று கத்திக்கொண்டிருக்கும்போதே, அடுத்த நிமிடம், 83-ல், அதே பெனலோசா மறுபடி போட்டுவிட்டார். 1-2.

அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி அப்போது எல்லோரும் "அனுபவமின்மை" என்று எழுதினார்கள். எழுதுவது சுலபம். அனுபவம் என்றால் என்ன? கோல் போட்ட பிறகு உடனே ஆட்டத்தை எப்படி மெதுவாக்குவது, யார் எங்கே போய் நிற்பது, யார் பந்தை வெளியே தட்டுவது என்பது உடம்பில் ஊறியிருப்பதுதான். கேம்ப்பில் அது ஊறாது. வாரா வாரம், தோற்றால் வலிக்கும் ஆட்டங்களில் மட்டும்தான் ஊறும். கொலம்பியா பையன் பன்னிரண்டு வயதிலிருந்து கிளப்புக்காக சீசன் முழுக்க அதை ஆடி வந்தவன். நம் பையன் வருடத்தில் பெரும்பகுதி பயிற்சியில் இருந்தவன். 1-2 என்ற ஸ்கோர் அந்த வித்தியாசத்தைக் குறைத்தே காட்டுகிறது என்றுதான் சொல்வேன்.

மொத்தத்தில் மூன்று தோல்வி, ஒரு கோல், ஒன்பது வாங்கியது. போட்டி முழுக்க 13 லட்சத்துக்கு மேல் பார்வையாளர்கள் வந்தார்கள், 17 வயது உலகக் கோப்பையில் அது சாதனை. கொல்கத்தாவில் இங்கிலாந்து 5-2 என்று ஸ்பெயினை அடித்துக் கோப்பையை எடுத்தது, சிறந்த ஆட்டக்காரர் விருது ஃபில் ஃபோடனுக்கு. நம் ஊர் புல்லில் ஓடிய பையன்தான் பிறகு மான்செஸ்டர் சிட்டியில் அந்த ஆட்டம் ஆடினார்.

2017-ஐப் பற்றிப் பேசுகிறவர்கள் 2018-ஐ மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் நம் ஜூனியர் வரலாற்றில் 1974-க்கு அடுத்த உருப்படியான விஷயம் 2018 மலேசியாதான். 16 வயது ஆசியப் போட்டி, கோவாவைச் சேர்ந்த பிபியானோ ஃபெர்னாண்டஸ் கோச். இங்கே சலுகை எதுவும் இல்லை, தகுதிச்சுற்று ஆடித்தான் போனார்கள். வியட்நாமை 1-0, விக்ரம் பிரதாப் சிங் கடைசி நேரத்தில் பெனால்டி போட்டார். ஈரானுடன் 0-0, அதில் கோல்கீப்பர் நீரஜ் குமார் ஒரு பெனால்டியைத் தடுத்தார். இந்தோனேசியாவுடன் 0-0. 2002-க்குப் பிறகு, பதினாறு வருடம் கழித்து, காலிறுதி. அரையிறுதிக்குப் போகும் நான்கு அணிகளுக்கும் அடுத்த வருட உலகக் கோப்பையில் இடம். அதாவது ஒரே ஒரு ஆட்டம் தூரம். எதிரே தென் கொரியா. இரண்டாம் பாதியில் ஒரே ஒரு கோல், 0-1, முடிந்தது.

நான்கு ஆட்டத்தில் நாம் வாங்கியது அந்த ஒரே கோல்தான். போட்டதும் ஒன்றுதான், அதுவும் பெனால்டி. டிஃபென்ஸ் ஆசியத் தரம், அட்டாக் இல்லவே இல்லை. இது தற்செயல் இல்லை. நல்லா ஒழுங்காக நிற்கவும் தடுக்கவும் மூன்று வருட கேம்ப்பில் கற்றுக்கொடுத்துவிடலாம். பாக்ஸுக்குள் இரண்டு பேர் மேலே விழும்போது பதறாமல் முடிப்பதைக் கற்றுக்கொடுக்க முடியாது, நூற்றுக்கணக்கான ஆட்டம் ஆடினால்தான் வரும். மேலே கொலம்பியா ஆட்டத்துக்குச் சொன்ன அதே நோய்தான், முகம் மட்டும் வேறு.

அதே 2018 ஆகஸ்டில் இன்னொரு கூத்து. ஸ்பெயினின் வாலென்சியா பக்கம் நடக்கும் கோட்டிஃப் போட்டியில் நம் 20 வயது அணி அர்ஜென்டினாவை 2-1 என்று அடித்தது. தீபக் டாங்ரி நாலாவது நிமிடம் ஒன்று, அன்வர் அலி இரண்டாம் பாதியில் ஒன்று, நடுவில் அனிகேத் ஜாதவுக்கு சிவப்பு அட்டை, பத்து பேரோடு ஆடி ஜெயித்தார்கள். அர்ஜென்டினா பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோச் யார் தெரியுமா, லியோனல் ஸ்கலோனி. நாலு வருடம் கழித்து கத்தாரில் மெஸ்ஸியோடு கோப்பையைத் தூக்கியவர். கிட்டத்தட்ட அதே நேரத்தில் 16 வயது அணி ஜோர்டானில் ஈராக்கை 1-0 என்று வென்றது. நம் ஊர் சேனல்கள் ரெண்டு நாள் கொண்டாடின. ஆனால் நட்பு ஆட்டம் பற்றி மேலே சொன்னேனே, அது இங்கேயும் பொருந்தும்: அந்தப் போட்டியில் கடைசியில் கோப்பையை எடுத்தது அர்ஜென்டினாதான்.

இப்போது கசப்பான பகுதிக்கு வருவோம். 17 வயது ஆசியப் போட்டிக்கு நாம் விட்டு விட்டாவது தகுதி பெறுகிறோம். 20 வயது ஆண்கள் போட்டியில் இந்தியா கடைசியாக ஆடியது 2006-ல், அதுவும் போட்டி இங்கே நடந்ததால். அதற்குப் பின் 2025 வரை ஒருமுறை கூட இல்லை. 2024-ல் லாவோஸில் நடந்த தகுதிச்சுற்றில் மங்கோலியாவையும் லாவோஸையும் ஜெயித்து, ஈரானிடம் 0-1 தோற்று, வீடு திரும்பினார்கள். 23 வயது ஆசியக் கோப்பையில் இந்தியா ஆடியதே இல்லை. 2025 செப்டம்பரில் தோஹாவில் நடந்த தகுதிச்சுற்றில் பஹ்ரைனை 2-0, புரூனேயை 6-0 என்று அடித்தும், கத்தாரிடம் 1-2 தோற்றதால் மயிரிழையில் போனது.

ஏன்? உஸ்பெகிஸ்தானைப் பாருங்கள். 2019-ல் தாஷ்கண்டில் அவர்களுடைய 16 வயது அணியோடு நாம் 1-1 டிரா. 2023-ல் 17 வயது ஆசியக் கோப்பையில் அவர்களிடம் 0-1 தோல்வி, அவ்வளவுதான். ஆக பதினாறு வயதில் இடைவெளி ஒரு கோல். அதே உஸ்பெகிஸ்தான் 2023-ல் 20 வயது ஆசியக் கோப்பையை வென்றது, 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஆடியது, 2025-ல் 17 வயது கோப்பையையும் எடுத்தது, சீனியர் அணி 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டது. மரபணு, உணவு, உயரம் என்று காரணம் சொல்கிறவர்கள் இந்த 1-1-க்கும் 0-1-க்கும் என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், 2021-ல் ஒலிம்பிக் என்ற பெயரில் ஒரு கிளப்பையே உருவாக்கி, இளம் தேசிய அணியை அப்படியே தூக்கி உள்ளூர் லீகில் ஆடவிட்டார்கள். பெரியவர்களோடு மோதட்டும், தோற்கட்டும், ஆனால் வாரா வாரம் ஆடட்டும். இது நமக்குத் தெரியாத வித்தை இல்லை. நாம் அவர்களுக்கு முன்பே செய்தோம், இந்தியன் ஆரோஸ் என்ற இளைஞர் கிளப். 2010-ல் ஆரம்பித்து 2013-ல் மூடி, 2017 உலகக் கோப்பை முடிந்த கையோடு அந்தப் பையன்களை வைத்து மறுபடி திறந்தார்கள். அப்போது ஐ.எஸ்.எல்.லோடு கூடவே நடந்த தேசிய கிளப் லீக்கான ஐ-லீகில் முதல் ஆட்டம் யாரோடு தெரியுமா? நம்ம சென்னை சிட்டி எஃப்.சி.யோடு. 2017 நவம்பர் 29, கோவாவில். அனிகேத் ஜாதவ் இரண்டு, போரிஸ் சிங் ஒன்று, 3-0. பெரிய ஆட்கள் ஆடும் கிளப்பை, ஷேவ் பண்ணவே ஆரம்பிக்காத பையன்கள் மூணு கோலில் அடித்தார்கள். நம்ம ஊர் டீம் தோற்றதில் வருத்தம் இருந்தாலும் அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்தான். அதே சென்னை சிட்டி அடுத்த சீசனில், 2018-19-ல், ஐ-லீக் சாம்பியன் ஆனது, அது வேறு கதை. ஆரோஸ் அந்த 2017-18 சீசனில் பட்டியலில் அடியில்தான் முடித்தது. முடித்தால் என்ன? ஜீக்சன், சுரேஷ் சிங் வாங்ஜம், அப்புயா என்கிற லாலெங்மாவியா, அன்வர் அலி, எல்லோரும் பிறகு சீனியர் இந்தியாவுக்கு ஆடினார்கள். ஐ.எஸ்.எல். கிளப்பான சென்னையின் எஃப்.சி.க்கு ஆடிய ரஹீம் அலியும் அதே 2017 செட்தான். அர்ஜென்டினாவுக்கு கோல் போட்ட தீபக் டாங்ரியும் சென்னையினுக்கு ஆடியிருக்கிறார். 2022-ல் ஆரோஸை மறுபடி மூடிவிட்டார்கள். உஸ்பெக் தொடங்கிய அடுத்த வருடம் நாம் மூடினோம். இளம் ஆட்டக்காரர்களை கிளப்கள் பார்த்துக்கொள்ளும் என்பது வாதம். ஐ.எஸ்.எல். கிளப் பதினெட்டு வயதுப் பையனை பெஞ்சில் பார்த்துக்கொள்ளும், அது உண்மைதான். பதினோரு பேரில் இடம் கொடுக்குமா?

2017-க்குப் பின் சத்தத்தையே காணோம் என்றீர்களே, 2018-க்குப் பின் என்ன ஆச்சு என்பதையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த செட் 2020 ஆசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது, தகுதிச்சுற்றில் பஹ்ரைனை 5-0 அடித்த நல்ல அணி. கொரோனாவில் போட்டியே ரத்து. அந்தப் பையன்களுக்கு அந்த வயது திரும்ப வராது, இதைப் பற்றி யாரும் ஒரு வரி கூட எழுதுவதில்லை. 2023-ல் தாய்லாந்தில் வியட்நாமோடு 1-1, உஸ்பெக்கிடம் 0-1, ஜப்பானிடம் 4-8. எட்டு வாங்கியதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அந்த ஜப்பான்தான் சாம்பியன் ஆனது, அவர்கள் வலையில் நாலு போட்டது சின்ன விஷயமா? 2025 ஆசியக் கோப்பைக்குத் தகுதி இல்லை, தாய்லாந்திடம் 2-3. அப்புறம் 2025 நவம்பர் 30, அகமதாபாத். லெபனானிடம் ஏற்கெனவே தோற்றுவிட்டோம், கடைசி ஆட்டத்தில் ஈரானை ஜெயித்தே ஆக வேண்டும், ஈரானுக்கு டிரா போதும். ஈரான் முதலில் கோல் போட்டது. தல்லால்முவான் கங்க்டே இடைவேளைக்கு முன் பெனால்டியில் சமன் செய்தார், இடைவேளை முடிந்ததும் குன்லெய்பா வாங்கெய்ராக்பம் இரண்டாவது போட்டார், மிச்ச நேரம் முழுக்க பல்லைக் கடித்துக்கொண்டு தடுத்தார்கள். 2-1, 2026 ஆசியக் கோப்பைக்கு டிக்கெட். கோச் மறுபடி பிபியானோதான். 2018 ஆளேதான், ஆனால் இந்தத் தடவை பின்னால் இருந்து வந்து ஜெயித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய மாற்றமாகத் தெரிந்தது.

இன்னொரு வசதியும் வந்திருக்கிறது. 17 வயது உலகக் கோப்பை 2025-லிருந்து வருடா வருடம், 48 அணிகளோடு, கத்தாரில். ஆசியாவுக்கு எட்டு இடம், அதாவது முன்பு அரையிறுதிக்குப் போனால் கிடைத்தது இப்போது காலிறுதிக்கே கிடைக்கும். 2018 பையன்களுக்கு இந்த விதி இருந்திருந்தால் அவர்கள் கொரியாவோடு ஆடுவதற்கு முன்பே உலகக் கோப்பையில் இருந்திருப்பார்கள். ஆனால் பாருங்கள், ஈரானை இந்தப் பையன்கள் அடித்த அதே மாதத்தில் நாட்டின் முதல் நிலை லீக்கான ஐ.எஸ்.எல். தொடங்காமலே கிடந்தது, ஒப்பந்தப் பிரச்சினை. பதினேழு வயதில் ஈரானை ஜெயித்துவிட்டு வருகிறவன் ஆட வேண்டிய லீகின் நிலைமை அது.

பெண்கள் அணியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது முன்னால் போகிறவர்கள் அவர்கள்தான். 2022-ல் பெண்கள் 17 வயது உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு ஃபிஃபா நம் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தை இடைநீக்கம் செய்து, போட்டியே கைநழுவும் நிலை, பன்னிரண்டு நாள் போல இழுத்துத்தான் தடை நீங்கியது. ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. 16 வாங்கி ஒன்றும் போடவில்லை. ஆனால் 2025-ல் 20 வயதுப் பெண்கள் மியான்மரை அவர்கள் மண்ணில் 1-0 என்று வென்று இருபது வருடம் கழித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள், 17 வயதுப் பெண்கள் உஸ்பெகிஸ்தானை 2-1 என்று வென்று தகுதி பெற்றார்கள். இரண்டுமே நடத்தும் நாடு என்ற சலுகையில் வந்ததில்லை.

இனி சென்னை. 2017-ன் 21 பேரில் தமிழ்நாட்டுப் பையன் ஒருவர் கூட இல்லை. மணிப்பூரிலிருந்து மட்டும் எட்டு பேர். வியாசர்பாடியில் தெருவுக்கு ஒரு டீம் இருக்கிறது, காசிமேட்டில் மணலில் ஆடுகிறார்கள், பெரம்பூரில் ஐ.சி.எஃப். மைதானம் இருக்கிறது, அப்புறம் ஏன்? திறமை இல்லாமல் இல்லை. வியாசர்பாடியின் தனபால் கணேஷ் இந்தியாவுக்கு ஆடினார், ஐ.எஸ்.எல். அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக கோல் போட்டார். சென்னையின் நந்தகுமார் சேகர் இந்தியாவுக்கு ஆடினார், 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் சட்டையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் போட்ட அந்த கோலை கொல்கத்தாக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். நம் ஊர்ப் பையன்கள் பெரும்பாலும் இருபது தாண்டித்தான் கவனத்துக்கு வருகிறார்கள். பதினைந்தில் பத்தாம் வகுப்பு, பதினேழில் பன்னிரண்டாம் வகுப்பு, இரண்டு பொதுத் தேர்வும் சரியாக ஜூனியர் அணி தேர்வு நடக்கும் வயதில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அதற்குப் பின் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி, அதற்குப் பின் ரயில்வேயோ வங்கியோ ஒரு வேலை. குடும்பத்தின் பக்கம் இருந்து பார்த்தால் அதில் தப்பே கிடையாது. ஆனால் தேசிய ஜூனியர் அணிக்கு அது ஒத்துவராது. அவர்கள் ஆள் எடுப்பது 13-லிருந்து 15-க்குள், அதுவும் அகாடமி லீக்குகளையும் பள்ளிகளுக்கான சுப்ரதோ கோப்பையையும் பார்த்து. டர்ஃப் வாடகைக்கு எடுத்து ஞாயிற்றுக்கிழமை ஐவர் ஆட்டம் ஆடுகிறவனை யாரும் வந்து பார்க்கப்போவதில்லை.

ஆக உங்கள் பையன் விஷயத்தில் நான் சொல்வது இதுதான். கோச்சிங் சேர்க்கும் இடத்தில் "எத்தனை மணி நேரம் பயிற்சி" என்று கேட்காதீர்கள். "வருடத்தில் எத்தனை போட்டி ஆட்டம், எந்த லீக்கில், சம்மேளனத்தில் பதிவு உண்டா" என்று கேளுங்கள். பளபளவென்று சீருடை கொடுத்து வருடத்துக்கு நாலு நட்பு ஆட்டம் ஆடவைக்கும் இடத்தை விட, சுமாரான மண் மைதானத்தில் இருபது லீக் ஆட்டம் ஆடவைக்கும் கிளப் மேல்.

வயது விஷயத்தில் விளையாடவே விளையாடாதீர்கள். ஒரு வருடம் குறைத்துப் போட்டால் ரெண்டு சீசன் கூட ஆடலாம் என்று யாராவது சொல்வார்கள், சொல்லாமல் இருக்க மாட்டார்கள். 17 வயது சர்வதேசப் போட்டிகளில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறார்கள், உலகக் கோப்பையில் 2009-லிருந்தே இது உண்டு. முன்கை எலும்பு மணிக்கட்டில் முடியும் இடத்தில் இருக்கும் வளர்ச்சித் தட்டு முழுசாக மூடியிருந்தால் அந்தப் பையன் ஆட முடியாது. சான்றிதழ் என்ன சொன்னாலும் எலும்பு வேறு சொன்னால் வெளியே. மாநகராட்சி பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி ஆவணம் மூன்றிலும் ஒரே தேதி, பெயரும் ஒரே எழுத்துக்கூட்டில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இனிஷியல் தகராறில் தேர்வு முகாமிலிருந்து திரும்பி வந்த பையன்களை எனக்குத் தெரியும்.

கோல்கீப்பர் என்றீர்கள். அது நல்ல செய்திதான், நம் ஜூனியர் அணிகள் எப்போதும் நன்றாகச் செய்த இடம் அது. 2017-ல் தீரஜ் சிங், அவருக்கு மாற்றாக உட்கார்ந்திருந்த பிரப்சுகன் கில் பின்னாளில் ஐ.எஸ்.எல்.லின் சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறை வாங்கினார், 2018-ல் நீரஜ். 13 வயதில் உயரம் குறைவு என்று சொல்லி ஒரு கோச் அவனை கோல்போஸ்ட்டிலிருந்து நகர்த்தினால் அவசரப்பட்டு ஒத்துக்கொள்ள வேண்டாம், அந்த வயதில் சிலருக்கு வளர்ச்சி இரண்டு வருடம் தள்ளித்தான் வரும். அதே சமயம் காலால் பந்து ஆடப் பழகட்டும். பயிற்சியில் பாதி நேரம் அவனை வெளியே ஆடவிடச் சொல்லுங்கள், இப்போது கீப்பரைத் தேர்ந்தெடுக்கும்போது கையை விட காலைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பத்தாம் வகுப்பு வருடத்தில் ஆட்டத்தை நிறுத்த வேண்டாம், வாரம் இரண்டு நாள் பயிற்சி, ஒரு ஆட்டம் என்று குறைத்துக்கொள்ளலாம். முழு வருடம் நிறுத்திவிட்டு வருகிற கீப்பருக்கு டைமிங் திரும்ப வர இன்னொரு வருடம் போய்விடும், அதற்குள் 17 வயது அணிக்கான தேர்வு முடிந்திருக்கும்.